ஒரு மாதக் குறிப்பும் ஒரு மடக்குக் கத்தியும்

புதிதாக ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம் என்று தோன்றியதும் நான் கடைக்குப் போகவில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, கத்தியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதை வெட்டினேன் என்று ஒரு வரி எழுதி வைத்தேன். பார்சல் டேப். பார்சல் டேப். கட்டுக் கயிறு. ஆப்பிள். அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்தது. பென்சில் சீவியது. கேபிள் டை. மறுபடியும் பார்சல் டேப். சட்டைக் கையில் தொங்கிய நூல். தோல் பெல்ட்டில் ஒரு துளை.

மாதம் முடிந்து அந்தப் பக்கத்தைப் படித்தபோது, அதுவரை நான் படங்களில் பார்த்து மயங்கிய கத்திகளில் முக்கால்வாசி இந்த வேலைகளுக்கு ஆனவை இல்லை என்று புரிந்துவிட்டது. கொஞ்சம் நீளமான அலகு வேண்டியிருந்தது ஆப்பிளுக்கு மட்டும்தான். அதற்கும் எட்டு சென்டிமீட்டர் தாராளம். ஒரே கையால் திறக்க வேண்டிய நிலைமை இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் இன்னொரு கையில் ஒரு பெட்டி இருந்தது, அதைக் கீழே வைத்திருக்கலாம். முனையால் குத்தித் துளைக்கும் வேலை மூன்று தடவை வந்திருந்தது. அந்த மூன்று வரிகளை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அதற்குக் காரணம் என் வலது ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன், பூட்டு இல்லாத ஒரு மடக்குக் கத்தியின் முனையை வைத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். முனை உள்ளே இறங்கிச் சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்கக் கத்தியை லேசாகப் பின்னால் சாய்த்தேன். அவ்வளவுதான், அலகு மடங்கி விரலின் நடுக்கணுவில் வந்து உட்கார்ந்தது. நான்கு தையல். கத்தியின் மீது தப்பில்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு எதிரான வேலையை நான் அதனிடம் கேட்டேன்.

பூட்டு இல்லாத கத்தியில் அலகை நிறுத்தி வைத்திருப்பது பிடியின் முதுகில் இருக்கும் ஒரு வில் தகடு (ஸ்பிரிங்) மட்டுமே. அலகின் வேர்ப்பகுதியை அந்தத் தகடு அழுத்திக்கொண்டே இருக்கும். வெட்டும்போது நம் கை கொடுக்கும் விசை அலகை இன்னும் திறக்கும் திசையிலேயே தள்ளுவதால் அது மடங்காது. முனையைக் குத்தினாலோ முதுகில் அழுத்தம் விழுந்தாலோ விசை திசை மாறிவிடுகிறது, வில் தோற்றுவிடுகிறது. விக்டோரினாக்ஸை நிறுவிய கார்ல் எல்செனர் 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுத்த சிப்பாய்க் கத்தியும் 1897-ல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியும் இந்த வில் தகட்டை நம்பியவைதான். இன்று நம் பைகளில் இருக்கும் சிவப்புப் பிடி விக்டோரினாக்ஸ் கத்திகள் பெரும்பாலும் அதே வழிதான். வெட்டுவதற்கு மட்டும் எடுப்பவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. துளைக்கவும் செய்வேன் என்றால் பூட்டு வேண்டும்.

பூட்டுகளில் பல வகை உண்டு. எல்லாமே திறந்த அலகைத் திறந்தபடி நிறுத்தும். அதில் பெரிய வித்தியாசம் தெரியாது. மூடும்போது விரல் எங்கே இருக்கிறது என்பதில்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. 1964-ல் வந்த பக் 110 கத்தியைப் பலர் பார்த்திருப்பார்கள். அதில் பூட்டு முதுகில் இருக்கிறது, கட்டைவிரலால் அமுக்கிவிட்டு இன்னொரு கையால் அலகை மடக்கினால் விரல்கள் வழியிலேயே இருக்காது. மைக்கேல் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிப் பரவலான உள்தகட்டுப் பூட்டில், பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். அதை விடுவிக்கக் கட்டைவிரலைப் பிடிக்குள் விட்டுத் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் கட்டைவிரல் அலகு வந்து விழும் பாதையிலேயே இருக்கிறது. பழகியவருக்கு அது ஒன்றுமே இல்லை. புதிதாக வாங்குபவர் இதைக் கடையிலேயே பத்து முறை மெதுவாகச் செய்து பார்க்க வேண்டும். பிடியின் குறுக்கே ஓடும் சின்னக் கம்பியைப் பின்னால் இழுத்துத் திறக்கும் குறுக்குக்கம்பிப் பூட்டு இந்த விஷயத்தில் எனக்குப் பிடிக்கும். இரண்டு கைக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும், விரலும் தள்ளியே இருக்கும்.

பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-ல் தொடங்கி வைத்த கத்தியில் முதலில் பூட்டே கிடையாது. மரப்பிடி, ஒரு அலகு, ஓர் ஆணி. 1955-ல்தான் பிடியின் கழுத்தில் ஒரு வளையத்தைச் சேர்த்தார்கள். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்க வழியில்லை. வில்லும் இல்லை, சின்னச் சின்னப் பாகங்களும் இல்லை. பின்னாளில் அந்த வளையத்தைச் சற்று மாற்றி, மூடிய நிலையிலும் பூட்டும்படி செய்தார்கள். பையில் தானாகத் திறந்துகொள்ளுமோ என்ற பயமும் அதோடு போயிற்று.

சரி, பூட்டுக்கு இவ்வளவு போதும். நான் அதிகம் பேச ஆசைப்படுவது அலகின் தடிமனைப் பற்றி.

என்னிடம் இருந்த முந்தைய கத்தி பார்க்க கம்பீரமாக இருக்கும். கறுப்புப் பூச்சு, கனமான பிடி, முதுகில் நான்கு மில்லிமீட்டர் அலகு. எஃகும் நல்ல எஃகுதான். சாணை பிடித்து வைத்தால் கையில் இருக்கும் மயிரை மழிக்கும். ஆனால் அதே கத்தியால் ஆப்பிளை வெட்டினால் பாதி வழியில் ‘படக்’ என்று பழம் பிளந்துகொள்ளும். கத்தி வெட்டவில்லை, ஆப்பு போல இறங்கிப் பிளக்கிறது. அட்டைப்பெட்டியிலும் அதே கதை. முதல் ஒரு அங்குலம் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் அட்டை இரண்டு பக்கமும் அலகை நெருக்க, கை வலிக்க இழுக்க வேண்டும். வீட்டில் சமையலுக்கு வைத்திருந்த மெல்லிய சின்னக் கத்தி, அதைவிடச் சாதாரண எஃகில் ஆனது, சற்று மழுங்கியும் இருந்தது, அது அதே அட்டையில் சுலபமாக ஓடியது. அன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். காரணம் கூர் இல்லை. கூருக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே என்ன தடிமன் என்பதில்தான் வித்தியாசம்.

கத்தி விளம்பரங்கள் இந்த அளவை ஏனோ அதிகம் சொல்வதில்லை. முதுகின் தடிமனைச் சொல்வார்கள். அது முக்கியம்தான், தினசரி வேலைக்கு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஆனால் முதுகிலிருந்து வாய் வரை, அதாவது வெட்டும் ஓரம் வரை, எப்படிச் சரிவு கொடுத்திருக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். முதுகிலிருந்தே நேராகச் சரிந்து வரும் அலகு கூருக்குப் பக்கத்தில் மெல்லியதாகிவிடும். பாதி உயரம் வரை தட்டையாக விட்டு அதற்குக் கீழே மட்டும் சரிவு கொடுத்த அலகு, முதுகு மெல்லியதாக இருந்தாலும் வாய்க்கு மேலே தடித்தே நிற்கும். உட்குழிவாகத் தேய்த்த அலகு ஆரம்பத்தில் அருமையாக இறங்கும். ஆழமான வெட்டில் குழிவு முடியும் இடம் வந்து தட்டும். கடையில் கத்தியை வாய் மேலே இருக்கும்படி பிடித்து, முனையிலிருந்து பிடி நோக்கிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கருவி எதுவும் வேண்டாம்.

மெல்லிய அலகால் நெம்ப முடியாது, முனை ஒடியும், பெயின்ட் டப்பா மூடியைத் திறக்க முடியாது என்று சொல்வார்கள். உண்மைதான். என் ஒரு மாதப் பக்கத்தில் நெம்பிய வேலை ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

எஃகைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆட்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். அடிப்படை ஒரு கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. கூர் நீண்ட நாள் நிற்பது, ஒடியாமல் சில்லு தெறிக்காமல் இருப்பது, துருப்பிடிக்காமல் இருப்பது, சாணைக்கல்லுக்குச் சுலபமாக வசப்படுவது, இந்த நான்கும் ஒன்றையொன்று இழுக்கும். கடினத்தன்மையை ராக்வெல் சி அளவில் சொல்வார்கள், எண் கூடினால் எஃகு கடினம். விக்டோரினாக்ஸ் அலகு சுமார் 56. கூர் சீக்கிரம் போகும், ஆனால் இரண்டே நிமிடத்தில் திரும்ப வரும். 60-ஐ ஒட்டிய கத்திகள் கூரைப் பிடித்து வைக்கும், பதிலுக்குக் கல்லில் பொறுமையைக் கேட்கும். குரோமியம் துருவைத் தடுக்கிறது. ஆனால் அது எஃகுக்குள் கரைந்திருக்க வேண்டும். டி2 என்ற எஃகில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தும், அதில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கெட்டியான துகள்களாகிவிடுவதால், வியர்வை பட்டால் புள்ளி விழுகிறது. சட்டைப்பையில் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் கத்திக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வனேடியம் சேர்த்த எஸ்30வி என்ற எஃகு 2001-ல் வந்தபோது கத்திக்காரர்கள் கொண்டாடினார்கள். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட் 2021-ல் வந்தது. துருவையும் தாங்கும், சில்லும் தெறிக்காது, கூரும் நிற்கும் என்ற மூன்றையும் ஒரே எஃகில் வெகுதூரம் நெருங்கி வந்த எஃகு அது. எனக்கு அதன் மேல் உண்மையான மரியாதை இருக்கிறது. அப்படியும் சொல்கிறேன், ஒரே பெயர் பொறித்த இரண்டு கத்திகள் இரண்டு மாதிரி நடக்கும். தோய்ச்சல், அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கெட்டிப்படுத்துவது, சரியில்லை என்றால் விலை உயர்ந்த எஃகும் வெறும் தகடு. எளிமையான 12சி27, 14சி28என் போன்ற எஃகுகளை நல்ல தோய்ச்சலோடு, மெல்லிய அலகாகக் கொடுக்கும் கம்பெனியை நான் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பேன்.

கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் நான் செய்வது இவ்வளவுதான். முதலில் மெதுவாகத் திறப்பேன். பாதியில் எங்காவது மணல் கடிபடுவது போலத் தெரிகிறதா என்று விரல் சொல்லும். திறந்து பூட்டிய பிறகு முனையை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும், அப்புறம் மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பேன். பக்கவாட்டு ஆட்டம் சற்று இருந்தால் அச்சாணியின் திருகை இறுக்கிச் சரிசெய்யலாம். மேலும் கீழுமான ஆட்டம் பூட்டின் குறை, அந்தக் கத்தியை வைத்துவிடுவேன். மூடிய நிலையில் அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன், உரசினால் ஒவ்வொரு முறையும் கூர் கெடும். தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுவேன். அலகு தானாக எட்டிப் பார்க்கக் கூடாது. கடைசியாகப் பிடியை இறுக்கிப் பிடித்து முப்பது எண்ணுவேன். உள்ளங்கையில் எந்த ஓரம் குத்துகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். அரை நிமிடத்தில் குத்தும் ஓரம், பத்துப் பெட்டி வெட்டும்போது கொப்புளம் போடும். பையில் மாட்டும் கிளிப்தான் பல நேரம் குற்றவாளி. 1981-ல் ஸ்பைடர்கோ கம்பெனி தன் முதல் கத்தியில் கிளிப்பையும் அலகில் வட்டத் துளையையும் வைத்த பிறகு எல்லோரும் கிளிப் வைக்கிறார்கள், கைக்கு இதமாக வைப்பவர்கள் குறைவு.

ஆன்லைனில் வாங்குபவருக்கு இந்தச் சோதனை வீட்டில்தான். திருப்பி அனுப்பும் வசதி இல்லாத இடத்தில் வாங்காதீர்கள். பெயர் பெற்ற மாடல்களுக்குப் போலிகளும் அதிகம்.

எடை? நூறு கிராமுக்கு உள்ளே. பக் 110 அழகான கத்தி, ஆனால் சுமார் 200 கிராம். இடுப்பில் உறையோடு மாட்டினால் சரி, சட்டைப்பையை அது கிழித்துவிடும். எடை கூடிய கத்தி மெல்ல மெல்ல மேசை இழுப்பறைக்குப் போய்விடும் என்பது என் அனுபவம்.

சாணை பிடிக்கத் தெரியாமல் கத்தி வாங்குவது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். எனக்குக் கற்றுக்கொடுத்தது தச்சு வேலை செய்த என் சித்தப்பா. பத்துப் பன்னிரண்டு வயதில், கல்லின் மேல் கத்தியை நான் பலம் கொண்ட மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், “டேய், அழுத்தாதே. கல்லு தின்னுக்கும். நீ கோணம் மாறாம புடிச்சுக்கிட்டா போதும்” என்றார்.

“எவ்வளவு நேரம் சித்தப்பா தேய்க்கணும்?”

“பிசிறு வர்ற வரைக்கும். நேரத்தைப் பாக்காத, விரல்ல பாரு.”

இன்றும் அப்படித்தான். அலகின் சரிவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். ஆயிரம் எண் (துகளின் நயத்தைச் சொல்லும் எண்) சாணைக்கல்லை நனைத்து, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் வைத்து நான்கைந்து முறை இழுத்தால் மை எங்கே அழிந்திருக்கிறது என்று தெரியும். மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கத்தியைத் தாழ்வாகப் பிடித்திருக்கிறேன், வாயோரம் மட்டும் அழிந்தால் தூக்கிப் பிடித்திருக்கிறேன். சரிவு முழுக்க மை போகும் சாய்வு கிடைத்ததும் மணிக்கட்டை அங்கேயே பூட்டிவிட வேண்டும். ஒரே பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தால், எதிர்ப்பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே வழித்தால், வாயோரம் மடிந்து நிற்கும் மெல்லிய ஒரு பிசிறு நகத்தில் தட்டும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். பிடியருகிலிருந்து முனை வரை அது தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. அப்புறம் மறுபக்கம், அப்புறம் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக, கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்கும்படி. கடைசியில் பழைய பெல்ட் தோலில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு உதிரும். பலர் பிசிறோடு நிறுத்திவிட்டு, முதல் பெட்டியில் பிரமாதமாக வெட்டியது, மூன்றாவது பெட்டியில் மழுங்கிவிட்டது, எஃகு மோசம் என்கிறார்கள். வெட்டியதும் மழுங்கியதும் அந்தப் பிசிறு.

சட்டத்தை விசாரித்துவிட்டு வாங்குங்கள். இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ள, கத்தி மடங்கக்கூடியதாக, பூட்டு இல்லாததாக, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். அதாவது என் விரலைக் காப்பாற்றும் பூட்டே அங்கே தடையாகிவிடும். அங்கே வசித்தால் நான் வில் தகட்டுக் கத்தியை வைத்துக்கொண்டு, துளை போடுவதற்குத் தனியாக ஓர் ஊசி வைத்துக்கொள்வேன். விமானத்தில் கைப்பையில் வேண்டாம். இன்னொன்று, பக்கத்தில் இருப்பவர் முகம். சத்தத்தோடு விரியும் கறுப்பு அலகைப் பார்த்துப் பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மரப்பிடிக் கத்தியை இரண்டு கையால் மெதுவாகத் திறந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யாருக்காவது கொடுக்கும்போது மடக்கிக் கொடுப்பேன்.

கடைசியில் நான் வாங்கியது ஓப்பினெல் எட்டாம் எண், துருப்பிடிக்காத எஃகு அலகு. அலகு எட்டரை சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன், எடை ஐம்பது கிராம்கூட இல்லை. ஒரு கையால் திறக்க முடியாது. கிளிப் கிடையாது. மழையில் நனைந்தால் மரம் ஊதி, அலகு திறக்க மறுக்கும், காயும் வரை காத்திருக்க வேண்டும். வளையத்தைத் திருப்ப மறந்தால் பூட்டு இருந்தும் இல்லாதது போல. அதனால் திறந்ததும் திருப்பு, திருப்பியதும் வெட்டு என்று கையைப் பழக்கியிருக்கிறேன். இதையெல்லாம் தெரிந்தே வாங்கினேன். ஆப்பிளில் அது கடைசி வரை சத்தமே இல்லாமல் இறங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை இரவு அதை முழுக்கத் திறந்து, பிடியின் பிளவில் சேர்ந்திருக்கும் நூல் தூசியைப் பல்குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு, ஆணியின் இரண்டு பக்கமும் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். பழம் வெட்டுகிற கத்தி என்பதால் சாப்பாட்டில் பட்டாலும் பாதகமில்லாத மினரல் ஆயில். துடைத்து, மடக்கி, வளையத்தைத் திருப்பி மேசையில் வைத்தால் மறுநாள் காலை அது நோட்டோடு சேர்ந்து பைக்குள் போகிறது. நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. சிவப்பு வட்டங்கள் இப்போது ஏழு.